மஞ்சத்தண்ணியும் பென்சில் பேட்டரியும்

தீர்ந்துபோன பென்சில் பேட்டரியைக் கடைவாய்ப் பல்லில் வைத்து மெதுவாக நெரித்தால், தகரத்துக்கு அடியிலிருந்து புளிப்பும் உப்புமாக ஒரு ருசி நாக்கின் ஓரத்தில் ஏறும்; ஏறியதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் கடித்தால் கறுப்பு மாவு வாய்க்குள் வந்துவிடும். அப்படிக் கடித்த பேட்டரியை மொட்டைமாடிச் சுவரில் வெயில் படும்படி வைத்து எடுத்தால் இன்னும் கொஞ்ச நேரம் உழைக்கும் என்பது எங்கள் தெருப் பிள்ளைகளின் முடிவான கருத்து. இதற்கு "உயிர் ஏத்துறது" என்று பெயர். வாழ்க்கையில் முதன்முதலாக நான் ஒரு கையடக்க வீடியோ கேமை இறுதிவரை ஆடி முடித்ததை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பேட்டரியின் ருசிதான் முதலில் வருகிறது. அதன் பின்னாலேயே மஞ்சள் வாசனை வருகிறது.

நாள் குறிப்பதில் எனக்குப் பைத்தியம் உண்டு. திருமங்கலத்தில் எந்தத் தியேட்டர் எந்த ஆவணியில் கல்யாண மண்டபமாக மாறியது, எந்த பஸ் எந்தப் பங்குனியோடு எங்கள் நிறுத்தத்தில் நிற்பதை விட்டது என்பதெல்லாம் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன் என்பது என் கணவரின் புகார். ஆனால் இந்தச் சம்பவத்தின் நாளை நான் தேடிப்போக வேண்டியதில்லை. அதை என் வீட்டார் ஏற்கெனவே குறித்துவிட்டார்கள். நான் பிறந்த நேரம் என்னவென்று கேட்டால் அம்மா "வெயில் தாழ்ந்த நேரம்" என்பாள், அவ்வளவுதான். நான் பருவமடைந்த நேரத்தையோ கடிகாரம் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, ஜோசியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு அந்த நேரத்தை வைத்துத் தனியாக ஒரு ஜாதகம் கணிப்பார்கள். அந்த நேரத்தில் என் கையில் வீடியோ கேம் இருந்தது. ஆகவே, நான்காம் கட்டத்தில் ஒரு தொங்கு பாலத்தின் நடுவே நான் நின்றுகொண்டிருந்த நேரம் எங்கள் குடும்ப ஜோசியரிடம் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது.

ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடை அது. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிவிட்டார். அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. எங்கள் சொந்தத்தில் தாய்மாமா ஒருவரிடம் மட்டும்தான் செல்போன் இருந்தது, அதையும் அவர் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்திருந்தார். அந்த மாமாவின் மகன் கார்த்தி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். எனக்கு முறைப்பையன், "மச்சான்" என்று கூப்பிட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஊர்க்காரர் ஒருவரிடம் மாமா வாங்கிக் கொடுத்த கேமை அவன் கழுத்தில் மாட்டாத குறையாகக் கொண்டுவந்திருந்தான்.

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சாம்பல் நிறப் பெட்டி. இடப்பக்கம் கூட்டல் குறி போல ஒரு பொத்தான், வலப்பக்கம் இரண்டு வட்டப் பொத்தான்கள், ஓரத்தில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு வார், முதுகில் "கேசட்டு" செருகும் பள்ளம். கேசட்டு ஒன்றே ஒன்றுதான். அதன் மேல் ஒட்டியிருந்த தாள் பாதி கிழிந்திருந்தது. மீதிப் பாதியில் இருந்த எழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை. சீன எழுத்து என்று மாமா சொன்னார். ஜப்பானிய எழுத்து என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். தலையில் பெரிய தொப்பி வைத்த ஒரு குள்ளன் குகைகளையும் பாலங்களையும் தாண்டி எங்கேயோ போகிறான். எங்கே போகிறான், எதற்குப் போகிறான் என்பது அந்த எழுத்துகளுக்கு மட்டுமே தெரியும். திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வெயிலுக்கு நேராகப் பிடித்தால்தான் குள்ளன் தெரிவான். நிழலுக்குப் போனால் சாம்பல் சிலேட்டுதான்.

கார்த்தி ஆடுவான், நான் பேட்டரி கடிப்பேன். என் வேலை அதுதான். எப்போதாவது கேமை என் கையில் கொடுப்பான். கொடுப்பது எப்போதென்றால், குள்ளனுக்கு நாலாபுறமும் எதிரி சூழ்ந்து இனிப் பிழைக்கமாட்டான் என்று தெரிந்த பிறகு. நான் வாங்கிய கணத்தில் குள்ளன் செத்துவிழுவான். "நீதாண்டி சாகடிச்ச" என்று தலையில் குட்டுவான். அந்தக் கோடையில் அவன் கணக்கில் ஒரு சாவும் இல்லை, எல்லாச் சாவும் என் பேரில்தான். அவன் மதியம் தின்றுவிட்டுத் தூங்கும்போது நான் கேமை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். அப்படித்தான் அன்றும் போயிருந்தேன்.

வத்தல் புரட்ட வந்த அம்மா என் பாவாடையைப் பார்த்தாள். "அங்கனயே நில்லு. எதையும் தொடாத" என்றாள். அவள் குரலில் இருந்தது கோபமா பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்குள் தூக்கம் கலைந்து கேமைத் தேடிய கார்த்தி படியேறி ஓடிவந்தான். அம்மா குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள்.

"அவகிட்ட என் கேமு இருக்கு அத்தை."

"இருந்தது. இப்ப அது தீட்டாயிருச்சு. கீழ போ."

அந்த ஒரு வார்த்தையில் அது என்னுடையதாயிற்று. நான் பல நாள் கெஞ்சியும் பல நாள் திருடியும் சாதிக்க முடியாததை ஒரு கறை சாதித்துவிட்டது. கார்த்தி படியிலேயே உட்கார்ந்து அழுதான். எனக்கு வயிற்றில் வலி இருந்தது, என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனாலும் அவன் அழுவதைப் பார்த்து மகிழ்ச்சியாக இருந்ததை நான் மறக்கவில்லை.

மறுநாள் காலை மாமா பச்சைத் தென்னங்கீற்றோடு வந்து, வீட்டுக்குப் பக்கவாட்டில் துவைகல்லுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே "குச்சு" கட்டினார். பருவமடைந்த பெண் தண்ணீர் ஊற்றும் நாள்வரை தனியாக இருக்கத் தாய்மாமன் கட்டித்தர வேண்டிய கீற்றுக் குடிசை அது. வாசலில் குறுக்கே உலக்கை. உள்ளே எனக்கென்று ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். காலையில் நல்லெண்ணெயில் பச்சை முட்டையை அடித்து ஊற்றி விழுங்கச் சொல்வார்கள், பிறகு உளுந்தங்களி. மாமாவோடு அத்தையும், அதாவது கார்த்தியின் அம்மாவும், வந்து இறங்கிவிட்டாள். சட்டதிட்டங்களை எல்லாம் அத்தைதான் அறிவித்தாள். குச்சுக்குள் போன பாத்திரம் தண்ணீரில் சுத்தமாகி வீட்டுக்குள் வரலாம். பாயும் துணியும் கடைசி நாளில் குச்சோடு சேர்ந்து நெருப்பில் போக வேண்டும். பிளாஸ்டிக்கைப் பற்றி முன்னோர்கள் எதுவும் சொல்லிவைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவாயிற்று. என் கையில் கேம் இருப்பதை அம்மா விட்டுவைத்ததற்குக் காரணம், பகல் முழுக்க நான் சத்தமில்லாமல் கிடக்கிறேன் என்பதுதான். ஆனால் உலக்கைக்கு அந்தப்பக்கம் நின்று தெளிவாகச் சொன்னாள். "தண்ணி ஊத்துற வரைக்கும்தான். அதுக்கப்புறம் மாடி, தெரு, கேமு ஒண்ணும் கெடையாது. கையில எடுத்தேன்னா வெரல ஒடிச்சிருவேன்."

அம்மா சொன்னால் செய்பவள். ஆகவே குள்ளன் எங்கே போகிறான் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருந்தது அந்தக் குச்சு நிற்கும்வரைதான். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் தெரியப்போவதில்லை. பன்னிரண்டு வயதில் "வாழ்நாள் முழுவதும்" என்பது எவ்வளவு நீளம் என்று நினைத்தேனோ தெரியாது, ஆனால் அம்மா உலக்கைப் பக்கமிருந்து நகர்ந்ததும் கேமைக் கையில் எடுத்தேன்.

முதல் இரண்டு நாட்கள் உள்ளே இருட்டு. பச்சைக் கீற்று அவ்வளவு நெருக்கமாக இருந்தது. உச்சிவெயிலில் மட்டும் கூரையின் ஒரு சந்து வழியாக விரல் அகலத்துக்கு வெளிச்சம் இறங்கி, பாயின் மேல் ஊர்ந்து, துவைகல் பக்கம் போய்ச் சாகும். அந்த விரல் அகலத்தைத் திரையில் பிடித்துக்கொண்டு நானும் பாயின் மேல் ஊர்ந்துபோவேன். பிறகு அக்னி வெயில் தன் வேலையைச் செய்தது. கீற்று காய்ந்து சுருளச் சுருளச் சந்துகள் பெருகின, ஒவ்வொரு நாளும் உள்ளே வெளிச்சம் கூடியது. நான் வளர்கிறேன் என்று வெளியே பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் ஆறாம் கட்டத்தைத் தாண்டியிருந்தேன்.

ஆடியதை நிறுத்திவைக்கும் வித்தையையும் கற்றுக்கொண்டேன். படிக்கத் தெரியாத நான்கு வரிகள் வரும், மூன்றாவது வரியில் பொத்தானை அழுத்தினால் மறுநாள் அதே இடத்திலிருந்து தொடங்கலாம். இரண்டாவது வரியை அழுத்தினால் எல்லாம் அழிந்து முதல் பாலத்துக்குப் போய்விடும். இதை எனக்குச் சொல்லித்தந்தவனும் கார்த்திதான். தலையில் குட்டித்தான் சொல்லித்தந்தான்.

அவன் வந்தது ஒரு மதியம், பெரியவர்கள் எல்லாம் சாய்ந்துகிடந்த நேரம். குச்சுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே ஒருவர் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. முறைப்பையன் அந்த நாட்களில் பெண்ணைப் பார்க்கவே கூடாது. அவன் பார்க்கவில்லை, கீற்றில் வாயை வைத்துப் பேசினான்.

"ஏய் ஜோதி. எங்கன நிக்கிற?"

"குகைக்குள்ள."

"வவ்வால் குகையா?"

"அது முந்தாநாளே தாண்டியாச்சு."

வவ்வால் குகையில்தான் அவன் விடுமுறை முழுக்கச் செத்துக்கொண்டிருந்தான். "பொய் சொல்லாத" என்றான். குரல் உடைந்திருந்தது. குகைக்கு அப்புறம் என்ன வருகிறது என்று கேட்டான். "பேட்டரி கொண்டா, சொல்றேன்" என்றேன்.

அன்று தொடங்கியது எங்கள் வியாபாரம். டிவி ரிமோட்டிலிருந்து, சுவர்க்கடிகாரத்திலிருந்து, மாமாவின் டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றிக் கீற்றுச் சந்தில் திணிப்பான். எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் அந்த வாரம் முழுவதும் ஒரே நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பதிலுக்கு நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். முழுவதையும் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு கதவு இருக்கிறது என்பேன், திறந்தால் என்ன என்பதைச் சொல்லமாட்டேன். "சொல்லுடி, சொல்லுடி" என்று கீற்றுக்கு அந்தப்பக்கம் அவன் கெஞ்சுவதை உளுந்தங்களியோடு சேர்த்துத் தின்றேன். தீட்டு என்று என்னை ஒதுக்கிவைத்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே அதிகாரம் அது. அதைக் கொஞ்சமும் வீணாக்கவில்லை.

கடைசிக் கட்டத்தில் ஒரு பெரிய தலை மட்டும் இருந்தது. உடம்பில்லை, இரண்டு கைகள் தனியாக மிதந்து வந்து குள்ளனை நசுக்கும். "மண்டையன்" என்று பெயர் வைத்தோம். கார்த்தி வெளியிலிருந்து யோசனை சொல்வான். எகிறு என்பான், ஓடு என்பான். எகிறினாலும் ஓடினாலும் நசுங்கினேன். இடது மூலையில் குனிந்து உட்கார்ந்துகொண்டால் கைகள் எட்டவில்லை என்பதும், மண்டையன் வாயைத் திறக்கும் நொடியில் மட்டும் எழுந்து அடிக்க வேண்டும் என்பதும் செத்துச் செத்துத்தான் தெரிந்தது. இதை நான் அவனிடம் சொல்லவில்லை.

எட்டாம் நாள் பிற்பகல் பெண்கள் கூடி உரலில் உளுந்து இடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாக்கா தண்ணீர் எடுக்கக் குச்சுப் பக்கம் வந்தவள், பின்னால் இரண்டு கால்களைப் பார்த்துவிட்டாள்.

"அடியே, இங்க வந்து பாருங்கடி. மாப்ளைக்கு இன்னும் மீச மொளைக்கல, அதுக்குள்ள காவலுக்கு நிக்கிறாரு."

அவனைக் காதைப் பிடித்து வெளியே இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தாலியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்டார்கள். இடித்த உளுந்து மாவைக் கன்னத்தில் பூசி மாப்பிள்ளைக்குப் பவுடர் போட்டாயிற்று என்றார்கள். கீற்றுச் சந்து வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. விடுங்க என்றான், விடவில்லை. மாப்ளைக்குக் கோவத்தப் பாரேன் என்றார்கள். கேலி அடங்கும்போதெல்லாம் பாண்டியம்மாக்கா மறுபடி ஊதிவிட்டாள். அவன் தாய் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் இருண்டுவிட்டது. அவன் அதைப் பார்த்தான்.

"அந்தக் கருவாச்சியப் பாக்கவா வந்தேன்? என் கேமு அவகிட்ட மாட்டிக்கிச்சு. அத வாங்கிக் குடுங்க, நான் பாட்டுக்கு ஊருக்குப் போறேன். அவள எவன் பாப்பான்?"

அத்தைக்குச் சிரிப்பு வந்தது, நிம்மதியில் வந்த சிரிப்பு. அவள் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சீர் செய்ய வந்திருக்கும் அண்ணன் பெண்டாட்டியின் முன்னால் அவள் வேறென்ன செய்வாள் என்று இன்று புரிகிறது. புரிவதால் அந்தச் சிரிப்பின் சத்தம் குறையவில்லை. "நாளைக்குத் தண்ணி ஊத்தயில கேமையும் சுத்தம் பண்ணி ஒன் கையில குடுத்துர்றேன்யா" என்று அத்தை மகனுக்கு வாக்குக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு பேட்டரி வரவில்லை. இருந்தவற்றை எல்லாம் கடித்தேன். கடித்ததையே திரும்பக் கடித்தேன். ஈறு பொத்துப்போயிற்று.

ஒன்பதாம் நாள் முற்பகல், தெருமுனையில் மேளச்சத்தம் கேட்டது. மாமா வீட்டுச் சீர் கிளம்பிவிட்டது. தட்டுகள் வந்து சேர்ந்ததும் என்னை அழைத்துப்போவார்கள். கீற்று முழுதாகக் காய்ந்து குச்சுக்குள் எல்லா இடத்திலும் வெயில் சல்லடையாக இறங்கியது. அந்த ஒன்பது நாளில் அவ்வளவு வெளிச்சம் இருந்ததில்லை. நான் இடது மூலையில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். குள்ளனும் அவன் இடது மூலையில் குனிந்திருந்தான். மண்டையன் வாயைத் திறந்தான். எழுந்து அடித்தேன். குனிந்தேன். பேட்டரி இறங்க இறங்கப் படம் வெளிறிக்கொண்டே வந்தது, மண்டையன் சாவானா பேட்டரி சாகுமா என்ற நிலை. மேளம் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது மண்டையனின் கைகள் கீழே விழுந்தன. தலை நடுங்கி, பிளந்து, மறைந்தது.

நான் எதையோ எதிர்பார்த்திருந்தேன். மத்தாப்பு, கூட்டம், யாராவது வந்து குள்ளனுக்கு மாலை போடுவது. எழுத்துகள் வந்தன. கீழிருந்து மேலாக, படிக்கத் தெரியாத எழுத்துகள், வரிவரியாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டே இருந்தன. எல்லாவற்றையும் அவைதான் சொல்லியிருக்க வேண்டும். எங்கே போனான், எதற்குப் போனான், இத்தனை சாவும் யாருக்காக. எழுத்துகள் முடிந்ததும் ஒரு படம் வந்தது. குள்ளன் முதல் கட்டத்துப் பாலத்தின் மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். முதல் தடவையாகத் தொப்பி இல்லை. தொப்பிக்குள் இருந்தது நீளமான சடை. இத்தனை நாளும் அது ஒரு பெண்பிள்ளை. அவளுக்குக் கீழே ஒரே ஒரு சொல் தோன்றி அப்படியே நின்றது. பொத்தானை அழுத்திப் பார்த்தேன், போகவில்லை. நாமாக அணைக்காதவரை அது அங்கேயே நிற்கும் என்று தெரிந்தது. அணைக்க மனம் வரவில்லை.

அத்தை வந்து உலக்கையை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். என் கையிலிருந்த கேமைக் கீழே வைக்கச் சொன்னாள். ஒரு குச்சியை அதன் வாருக்குள் நுழைத்துத் தூக்கிக்கொண்டு அண்டாவை நோக்கிப் போனாள். அண்டா நிறைய மஞ்சள் கரைத்த தண்ணீர், மேலே வேப்பிலை. கார்த்தி புதுச் சட்டையில் கொஞ்சம் தள்ளி நின்றான்.

"அம்மா, லேசாத் தெளிச்சு எடும்மா. போதும்."

"தெளிச்சா மேல இருக்கிறது போகும்யா. உள்ள எறங்குனது?"

அந்தச் சொல் திரையில் நின்றபடியே மஞ்சத்தண்ணிக்குள் போனது. அத்தை குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கேசட்டுப் பள்ளத்திலிருந்து குமிழ்கள் வந்தன. பாண்டியம்மாக்கா எட்டிப்பார்த்து, "பாருங்கடி, தீட்டு எப்பிடி வெளிய வருதுன்னு" என்றாள். குமிழ் நிற்கும்வரை அத்தை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு என்னை மணையில் உட்காரவைத்து அதே அண்டாத் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள்.

பட்டுப்பாவாடை கட்டி, மாலை போட்டு, சீர்த்தட்டுகளுக்கு நடுவே என்னை உட்காரவைத்திருந்தபோது ஒரு தட்டைக் கொண்டுவந்து வைக்கும் சாக்கில் கார்த்தி குனிந்தான். உதடு அசையாமல் கேட்டான்.

"முடிச்சிட்டியா?"

"எங்க முடிக்க? ஒரே அடி பாக்கி. ஒங்காத்தா முக்கிருச்சு."

அவனுக்கு அங்கேயே கண்ணீர் வந்துவிட்டது. பாண்டியம்மாக்கா விட்டுவிடுவாளா? கட்டிக்கப்போறவ அழகைப் பார்த்து மாப்ளைக்குக் கண்ணு கலங்குது என்றாள். கூடம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பின்வாசலில் குச்சைப் பிரித்துப் போட்டு, பாயோடு கொளுத்தினார்கள். பாயின் அடியில் நான் கடித்துப்போட்டிருந்த பேட்டரிகள் நெருப்பில் ஒவ்வொன்றாக "டப்" "டப்" என்று வெடித்தன. கண்ணேறு கழிகிறது என்று பெரியவர்கள் திருப்திப்பட்டார்கள். கார்த்தி கேமை மாடிச் சுவரில் வெயிலில் வைத்து, ஊருக்குக் கிளம்பும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். திரைக்குள் மஞ்சளாக ஒரு பிறை தேங்கியிருந்தது. அதற்கு உயிர் ஏறவே இல்லை.

அம்மா சொன்னபடியே அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நான் எந்தக் கேமையும் தொடவில்லை. சம்பாதிக்கத் தொடங்கியபின் என் காசில் ஒரு கையடக்கக் கருவி வாங்கினேன், இன்றுவரை வாங்குகிறேன். ஆசுபத்திரியில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த வாரத்தில் ஒன்றை முடித்தேன். மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே தினம் போய்வந்த பஸ்ஸில், சன்னலோர இருக்கையில், ஒன்றை ஒரு மழைக்காலம் முழுக்க விளையாடி, கார்த்திகைத் தீபத்துக்கு முன்னால் முடித்தேன். என் அனுபவத்தில் முடிப்பது என்பது மகிழ்ச்சியான காரியமே அல்ல. கடைசி எதிரி விழுந்ததும் உள்ளே ஏதோ ஒன்று இறங்கிப் போய்விடுகிறது. உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடுகின்றன, நம் பெயர் அதில் இல்லை. வாசலில் காய்கறிக்காரர் கூவுகிறார். மற்றவர்கள் அந்த நேரத்தில் அணைத்துவிட்டு எழுந்துபோகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நான் அணைப்பதில்லை. கடைசிப் படத்தை மேசைமேல் வைத்துவிடுவேன், பேட்டரி தானாகச் சாகும்வரை அது நிற்கும். என் பிள்ளைகள் இதை அம்மாவின் கிறுக்கு என்கிறார்கள்.

அந்தக் குள்ளனின் கேம் எது என்று தேடாத இடமில்லை. பழைய கேம்களின் பட்டியல்களையும், யார் யாரோ ஆடி முடித்துப் போட்ட வீடியோக்களையும் பார்த்தாயிற்று. பெயர் தெரியாது, தாள் பாதி கிழிந்தது, படிக்கவும் தெரியாது. கிடைக்கவில்லை. ஆகவே அதன் முடிவு என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

போன தை மாதம் கார்த்தியின் மகளுக்குச் சடங்கு. கப்பலூர் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் ஏ.சி. மண்டபம். குச்சு உண்டு, ஆனால் மேடையில். அலங்காரக்காரர்கள் தெர்மாகோலில் செய்து பிளாஸ்டிக் தென்னை ஓலை ஒட்டிய "குடிசை செட்". போட்டோ எடுத்து முடிந்ததும் மடக்கி வேனில் ஏற்றிவிடுவார்கள், அடுத்த மண்டபத்துக்கு வேண்டும். அதில் சந்து இல்லை, வெயில் இறங்காது, காயவும் காயாது. அதற்கு முன்னால் நாற்காலியில் அந்தப் பெண் செல்போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் போனிலிருந்து அவள் முகத்தில் விழுந்தது. வெளிச்சத்தைத் தேடிப் போக வேண்டிய திரை இப்போது எங்கும் கிடையாது. அத்தை, பல் போய், சக்கர நாற்காலியில் இருந்தாள். அங்கிருந்தே, "அதக் கீழ வைடி" என்றாள். கார்த்தி, "விடும்மா. ஆடட்டும்" என்றான்.

பிறகு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். முன்மண்டையில் முடி இல்லை. எங்கள் கல்யாணப் பேச்சு ஒரு காலத்தில் வந்து, என் நிறத்தைச் சொல்லி அத்தையே தட்டிவிட்டாள். அதில் எனக்கொன்றும் நட்டமில்லை. இப்போது அவனை "நீங்க" என்கிறேன். கொஞ்ச நேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கி ஒரு அர மணி நேரம் விட்டிருந்தா நீ முடிச்சிருப்பேல்ல?"

"அர மணியா? ஒரே அடி மச்சான்."

"என்னாலதான். நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்." கை விரலைப் பார்த்துக்கொண்டான். "அத நெனச்சுத்தான் இவ கையில இருக்கிறத ஒருத்தனையும் புடுங்க விடுறதில்ல."

என் வாய் வரைக்கும் வந்தது. பாலம், தொங்கும் கால்கள், தொப்பிக்குள் இருந்த சடை, அந்த ஒரு சொல். சொன்னால் அவன் முகம் எப்படி மாறும் என்றுகூடத் தெரிந்தது. சொல்லவில்லை. அவன் குற்ற உணர்ச்சியால் ஒரு பெண்பிள்ளைக்கு நல்லது நடக்கிறதே, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துத்தான் சொல்லவில்லை என்று இங்கே எழுதினால் நன்றாயிருக்கும். அதற்காக அல்ல. அவன் முகம் அப்படி இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

"விடுங்க மச்சான், அதுக்கு இப்ப என்ன செய்ய முடியும்" என்று பெருமூச்சு விட்டேன். அவன் தலை இன்னும் கொஞ்சம் இறங்கியது. பந்தியில் என் இலைக்கு எதிரே அவனே வந்து நின்று, எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றச் சொன்னான். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.